பூனை எந்த மாடியில் வரும்?

ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு யாராவது கேம் வாங்குவார்களா என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம் கத்தரிக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கூடப் பிறந்தவன் கேட்கிறான். அதுவும் பன்னிரண்டு வருஷமாக அவள் வயிறு நிறைவதே ட்ரெய்லர் வெட்டி ஒட்டித்தான் என்று தெரிந்துகொண்டே கேட்கிறான்.

"நீயே யோசிச்சுப் பாரு. செருப்பு வாங்குறப்ப செருப்புக்கு ட்ரெய்லர் பார்த்தா வாங்குற?"

"செருப்பு கடிக்குதான்னு கடையிலயே போட்டு நடந்து பார்க்கலாம். கேமை எங்க போட்டு நடப்ப?"

"தெரிஞ்சவங்க நல்லா இருக்குன்னு சொல்வாங்க. அதைக் கேட்டு வாங்குவேன்."

"அந்தத் தெரிஞ்சவங்க எதைப் பார்த்து வாங்குனாங்களாம்?"

இந்த இடம் வந்ததும் அண்ணன் காபி போட எழுந்து போய்விடுவான். வருஷக்கணக்காக இதே பேச்சு, இதே காபி.

அவளுக்குக் கத்தரி என்ற பெயர் வேலை பார்த்த இடத்தில் வைத்தது. ஒன்றரை மணி நேரப் பதிவைக் கொடுத்தால் ஒன்றரை நிமிஷமாக நறுக்கித் தருவாள், நறுக்கியது தெரியாது. பெயர் எப்படியோ வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. ட்ரெய்லர் ஆட்களை வாங்க வைக்குமா என்று அவளிடம் கேட்கவே வேண்டாம். வைக்கும். அது அவளுக்குத் தெரிந்த விதம்தான் அவ்வளவு நல்ல விதமில்லை. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

அண்ணன் ஓவியன். அண்ணி புரோகிராமர். ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி அறையில், நாலு வருஷமாக இருவரும் ஒரே ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் 'கொஞ்சம் இடது'. பத்து மாடிக் கட்டிடம், லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஒரு மர அலமாரியை மேலே ஏற்ற வேண்டும். இருவர் சேர்ந்து விளையாட வேண்டும், அவரவர் வீட்டிலிருந்தே. ஒருவர் மேல் படியில், ஒருவர் கீழ்ப் படியில். சாய்க்கலாம், திருப்பலாம், கத்தலாம். சுவரில் இடிக்கக் கூடாது. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. வில்லன் என்று பார்த்தால் படிக்கட்டுத் திருப்பம்தான்.

அந்த அறைக்குக் குடிவந்த அன்று சொந்த அலமாரியைப் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தூக்கி ஏற்றினார்கள். ஏற்றி முடித்தபின் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது நாள் அண்ணி திடீரென்று சிரித்தாள், ஒரு தாளை எடுத்துப் படிக்கட்டு வரைந்தாள். கேம் பிறந்த கதை அதுதான்.

அண்ணி என்றால் கத்தரிக்கு உயிர். உறவுக்காக இல்லை, வேலைக்காக. உடம்பு எடை பார்க்கும் மெஷின் நாலு வாங்கி வந்து, தூக்குகிற இருவரின் காலடியிலும் வைத்து, படிப்படியாக அலமாரியை நகர்த்தி எழுதிக்கொண்டவள் அவள். கீழே நிற்பவருக்குத்தான் பாரம் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். எந்தப் படியில், எந்தச் சாய்வில், எத்தனை கிலோ அதிகம் என்பது அண்ணிக்குத் தெரியும். விளையாடுகிறவனுக்கு அந்தக் கணக்கு எதுவும் கண்ணில் படாது. ஆனால் நாலாவது மாடித் திருப்பத்தில் அவன் தன்னையறியாமல் மூச்சைப் பிடிப்பான். அதை முதல்முறை பார்த்தபோது கத்தரி எழுந்து நின்று அண்ணியின் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள்.

இத்தனை அருமையான கேமை யாராவது கண்டுபிடித்து வாங்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். கேம் விற்கிற இணையக் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது புதுசு வருகிறது. வெளியீட்டுக்கு முன்பே நிறையப் பேர் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்த கேமைத்தான் கடைக்காரர்கள் முன்பக்கத்தில் வைப்பார்கள். மற்றதெல்லாம் பின்னால் போய்விடும், தேடினாலும் அகப்படாது. இவர்களுடைய முதல் கேம் அப்படித்தான் காணாமல் போனது. அதற்கு ட்ரெய்லரே கிடையாது. நல்ல கேம் தானே பேசும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அது பேசியிருக்கும், யாருக்கும் கேட்கவில்லை.

இந்த முறையும் அப்படி ஆனால் அண்ணி பழைய இன்சூரன்ஸ் ஆபீஸுக்கே திரும்பிப் போவதாக முடிவாகியிருந்தது. அவர்கள் கூப்பிட்டு அனுப்பிய கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கியது. கேம் வெளியாகிற வாரம்தான் பதில் சொல்லக் கடைசித் தேதி. அண்ணி அதைப் பற்றிப் புலம்பி யாரும் கேட்டதில்லை. பால் எடுக்கப் போகும்போது மட்டும் கடிதத்தைப் பார்க்காமல் கதவைத் திறப்பாள். கத்தரி அதைக் கவனித்திருக்கிறாள்.

அதனால் அண்ணி ஒருநாள், "ட்ரெய்லர் நீ பண்ணித் தர்றியாம்மா?" என்று கேட்டதும் கத்தரிக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்பக் கேப்பீங்கன்னு நாலு வருஷமா உட்கார்ந்திருக்கேன் அண்ணி."

"ஒண்ணே ஒண்ணு. அது வெளிய வர்ற வரைக்கும் நான் பார்க்க மாட்டேன். பார்த்தா என் கண்ணுக்கு என் குறை மட்டும்தான் தெரியும். உன்னையும் வேலை செய்ய விட மாட்டேன். உங்க அண்ணன் பார்த்து சரின்னா சரி."

இந்த ஏற்பாட்டில்தான் வினை புகுந்தது. அதற்கு அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலமாரிக் கதவில் ஒரு கீறல் வரைய மூன்று நாள் எடுத்துக்கொள்கிற மனுஷன், ஒரு கோப்புக்குப் பெயர் வைக்க மூன்று விநாடி எடுத்துக்கொள்ள மாட்டான். கேமை அவன் சேமித்து வைத்திருந்த கோப்புறைகளின் பெயர்கள்: 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி', 'இதுதான் கடைசி 2 சத்தியமா'. கத்தரி அதில் 'இதுதான் கடைசி' என்பதை நம்பி எடுத்துக்கொண்டு போனாள். சத்தியம் செய்த கோப்புறை கீழே இருந்ததை அவள் பார்க்கவில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை, திரையில் பட்டியல் அவ்வளவு கீழே வரை தெரியவில்லை.

விளையாட இரண்டு பேர் வேண்டுமே. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் தன் தோழியைப் பிடித்துக்கொண்டாள். தோழிக்கு லீவு நாள், கையில் பெரிய கப் காபி. இருவரும் இரண்டு கணினியில் உட்கார்ந்து நாள் முழுக்க அலமாரி தூக்கினார்கள். இருவர் ஆடும் கேம் ஆயிற்றே என்று கத்தரி இரண்டு திரையையும் தனித்தனியே பதிவு செய்தாள்.

ஏழாவது மாடியில்தான் அந்தப் பூனை வந்தது. தூக்குகிறவர்கள் அலமாரியைக் கீழே வைத்து வியர்வையைத் துடைக்கிறார்கள். அலமாரிக் கதவு தானாகக் கிறீச்சென்று திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு கொழுத்த சாம்பல் பூனை இறங்கி, சோம்பல் முறித்து, இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் ஜம்மென்று படியேறிப் போகிறது. ஏழு மாடியும் அதையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறார்கள்! தோழி சிரித்த சிரிப்பில் காபி விசைப்பலகை மேல் சிந்தியது.

பூனை வரும் இடத்தில் கணினி அடிக்கடி உறைந்து நின்றது. நாற்பத்தொரு தடவை எடுத்ததில் முப்பது தடவை நின்றுவிட்டது. தன் கணினிக்கு வயசாகிவிட்டது என்று கத்தரி நினைத்துக்கொண்டாள். இதைப் போய் அண்ணியிடம் சொல்வானேன் என்று வாயைத் திறக்கவில்லை. நன்றாக வந்த பதினொன்றில் சிறந்ததை எடுத்து ஒட்டிவிட்டாள்.

வெட்டி முடித்ததும் அவள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. தோழியின் பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்குப் போய், பக்கத்தில் இருப்பவரிடம் ஃபோனை நீட்டுவாள். சத்தம் வைக்க மாட்டாள், பாதிப் பேர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். பார்ப்பவர் முகத்தைக் கவனிக்க மாட்டாள். முகம் மரியாதைக்குப் பொய் சொல்லும், கட்டைவிரல் சொல்லாது. அலுத்துப்போனால் கட்டைவிரல் திரையின் ஓரத்துக்கு நகர ஆரம்பித்துவிடும். எந்த விநாடியில் நகர்ந்தது என்று குறித்துக்கொண்டு வந்து அந்த இடத்தை நறுக்குவாள். பல்வலியோடு உட்கார்ந்திருப்பவரையே பிடித்து வைத்துவிட்டால் மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை என்பது அவள் கட்சி.

இந்த ட்ரெய்லர் எழுபத்துநாலு விநாடி. பதினாறு பேரிடம் காட்டினாள். ஒரு விரலும் நகரவில்லை. ஐம்பத்தொன்றாவது விநாடியில் பூனை இறங்கியபோது, கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அண்ணனுக்கும் காட்டினாள். பூனை வந்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அவள் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து போனான். பரவாயில்லையே, அண்ணனுக்கே ட்ரெய்லர் பிடித்துவிட்டது என்று கத்தரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் ட்ரெய்லர் வெளியானது. புதன்கிழமை யாரோ ஒருவர் பூனை வரும் இடத்தை மட்டும் எடுத்துப் போட, அது காட்டுத்தீ போலப் பரவியது. வியாழன் மதியத்துக்குள் 'கொஞ்சம் இடது' முப்பத்திரண்டாயிரம் பேரின் விருப்பப் பட்டியலில் ஏறிவிட்டது. அண்ணன் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "இன்னும் நூறு! இன்னும் நூறு!" என்று கத்திக்கொண்டே இருந்தான். கத்தரி அவன் பின்னால் நின்று, "செருப்புக்கு ட்ரெய்லர் உண்டாண்ணா?" என்று கேட்டாள். வாழ்நாள் ஆசை.

அண்ணி இன்னும் ட்ரெய்லரைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை மட்டும் படித்துக்கொண்டு வந்தாள். சிரித்த முகம் மெல்ல மாறியது.

"ஏங்க, என்ன எல்லாரும் பூனையைப் பத்தியே கேக்குறாங்க? 'பூனை எந்த மாடியில் வரும்?'னு எழுதியிருக்கு. இங்க பாருங்க, இருநூறு பேருக்கு மேல அதே கேள்வி."

"பூனையைத்தான் கேப்பாங்க. நீ திரும்பப் போட்டதே அதுக்குத்தானே?" என்றான் அண்ணன்.

"நான் எங்க போட்டேன்?"

அண்ணி ட்ரெய்லரைத் திறந்து பார்த்தாள். ஐம்பத்தொன்றாவது விநாடியில் நிறுத்தினாள்.

அந்தப் பூனையை வரைந்தவன் அண்ணன். அதற்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள் அண்ணி. அது வெளியே குதிக்கிற கணத்தில் அலமாரியின் எடை குறைகிறது, இருவர் கையிலும் பாரம் மாறுகிறது, இரண்டு கணினியும் உறைந்து நின்றுவிடுகிறது. சில சமயம் நிற்கும், சில சமயம் நிற்காது. ஆறு வாரம் போராடிவிட்டு, ஐந்து மாதத்துக்கு முன்பு பூனையை எடுத்துவிட்டாள். அண்ணன் அன்றைக்கு அழுதான். ட்ரெய்லரில் அதைப் பார்த்ததும், பெண்டாட்டி தனக்குத் தெரியாமல் சரிசெய்து திரும்ப வைத்திருக்கிறாள், தன்னை ஆச்சரியப்படுத்தத்தான் சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டானாம். அவள் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று அவனும் கேட்கவில்லையாம். பொருத்தமான ஜோடி.

கத்தரி அண்ணனின் கணினிப் பக்கம் திரும்பினாள். "எந்த ஃபோல்டர்ண்ணா சரியான ஃபோல்டர்?"

அண்ணன் காட்டினான். அவள் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"சரி, இப்ப என்ன ஆகிப்போச்சு?" என்றான் அண்ணன், எச்சிலை விழுங்கிக்கொண்டு. "ட்ரெய்லர்ல இருக்கிறது எல்லாம் கேம்ல இருக்கணும்னு எங்கயாவது சட்டமா? பெரிய பெரிய கம்பெனிக்காரனே இல்லாததைக் காட்டுறான். நீயே சொல்லியிருக்க. சும்மா இருந்தா யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்," என்றாள் கத்தரி. சொன்ன குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரு பெரிய கம்பெனியில் இருந்தபோது, ஒரு கப்பல் கேமுக்கு ட்ரெய்லர் வெட்டினாள். கடைசியில் ஒரு அலை எழும். மலை மாதிரி எழுந்து திரையை மூடும். அந்த அலை கேமில் கிடையாது, ட்ரெய்லருக்காகவே தனியாகச் செய்து கொடுத்தது. மேலாளரிடம் கேட்டாள். அது உன் வேலை இல்லை என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

சித்தி பையன் அந்த ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு முதல் சம்பளத்தில் அந்தக் கேமை வாங்கினான். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி, வீட்டில் அவன் பெயர் சோடாபுட்டி. இப்போது வேலை பார்ப்பதும் கண்ணாடிக் கடையில்தான். அக்கா செய்த ட்ரெய்லர் என்று கடையில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறான். விளையாடிக்கொண்டே ஃபோன் செய்தான். "அக்கா, அந்த அலை எப்ப வரும்?"

"'இன்னும் கொஞ்சம் போடா, வரும்'னு சொன்னேன் அண்ணி. நாலு தடவை கேட்டான். நாலு தடவையும் வரும்னு சொன்னேன். நாற்பது மணி நேரம் விளையாடி முடிச்சுட்டான். வரல."

"திட்டினானா?"

"திட்டியிருந்தா ஆறியிருக்கும். 'பரவாயில்லக்கா'ன்னான். அன்னிக்கிலேர்ந்து அவன் எந்த ட்ரெய்லரும் பார்க்கிறதில்ல. சினிமா தியேட்டர்ல ட்ரெய்லர் ஓடினா தலையைக் குனிஞ்சு செருப்பைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். நான் பக்கத்துல இருந்தாலும்."

அண்ணன் நாற்காலியை நகர்த்திக் கணினி முன்னால் அவளுக்கு இடம் விட்டான்.

"ட்ரெய்லரை எடுத்துடுறேன். என் தப்பு," என்றாள் கத்தரி.

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "எடுத்தா ஒளிக்கிற மாதிரி இருக்கும். அது அங்கயே இருக்கட்டும். கீழ உண்மையை எழுதிடு."

அண்ணி சொல்லச் சொல்லக் கத்தரி தட்டினாள். 'ஏழாவது மாடியில் வரும் பூனை இப்போது விளையாட்டில் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்பே எடுத்துவிட்டோம். அது வந்தால் கணினி நின்றுவிடுகிறது. பழைய கோப்பிலிருந்து தவறுதலாக ட்ரெய்லரில் சேர்ந்துவிட்டது. பூனையை நம்பிக் காத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். திரும்பக் கொண்டுவர முயல்கிறோம். முடியும் என்று வாக்குத் தர முடியாது.' கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி அண்ணன் கெஞ்சினான். அண்ணி மாட்டேன் என்றுவிட்டாள்.

வெளியீட்டுக்கு இருபத்துநாலு நாள் இருந்தது. மறுநாள் காலைக்குள் நாலாயிரம் பேர் விலகிப் போயிருந்தார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்று சிலர் எழுதினார்கள். பூனை இல்லாத கேம் எனக்கெதற்கு என்று ஒருவர் ஒன்பது தடவை எழுதினார். கத்தரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி மட்டும் வழக்கம்போல ஒரு பிஸ்கட்டை எடுத்து, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, பூனையின் பழைய கோப்புகளைத் திறந்தாள். நிரூபிக்க வேண்டும் என்ற வெறியோ, பயமோ அந்த முகத்தில் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிற முகம். இந்த அமைதி தனக்கு ஏழு ஜன்மம் எடுத்தாலும் வராது என்று கத்தரி நினைத்தாள்.

"எனக்கு எப்பவும் ஒரே தொல்லை," என்றாள் அண்ணி, திரையைப் பார்த்தபடி. "நின்னு போறப்ப எதுவுமே மிஞ்சாது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவைகூட நான் பார்த்ததில்ல. நீ எடுக்கிறப்ப நிக்கலையா?"

"ஏன் நிக்கல? முப்பது தடவை நின்னுச்சு. என் கம்ப்யூட்டர் பழசுன்னு நினைச்சு..."

அண்ணி மெல்லத் திரும்பினாள். "முப்பது தடவையா? அதை எல்லாம் அழிச்சுட்டியா?"

"என்ன அண்ணி கேள்வி இது! வெட்டுறவ என்னிக்கு அண்ணி எதையும் அழிச்சிருக்கா? எல்லாம் இருக்கு. ரெண்டு திரையும் தனித்தனியா இருக்கு."

அண்ணி எழுந்தே விட்டாள். நாலு வருஷத்தில் அவள் வேலை நேரத்தில் அப்படி எழுந்து யாரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் கத்தரி தன் கணினியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். நாற்பத்தொரு பதிவையும் இடதும் வலதுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். ஒரு விநாடிக்கு அறுபது படம். இது அவள் ராஜ்ஜியம். அண்ணிக்கு வெறும் அலமாரி தெரிகிற இடத்தில் கத்தரிக்கு அலமாரியின் நாலாவது கால் தெரிந்தது.

"அண்ணி, இங்க பாருங்க. என் திரையில அலமாரி தரையில இருக்கு. அவ திரையில மயிரிழை மேல நிக்குது. கீழ நிழல் விழுது பாருங்க."

அண்ணி மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டாள். அடுத்ததைப் போடு என்றாள். அதுவும் அப்படியே. நின்றுபோன முப்பதிலும் அப்படியே. அலமாரியை இறக்கியாயிற்று என்று ஒரு கணினி நினைக்கிறது, இன்னும் கையில்தான் இருக்கிறது என்று மற்றது நினைக்கிறது. அந்த இடைவெளியில் பூனை குதித்து எடையை மாற்றினால் இரண்டும் குழம்பி நிற்கின்றன. நன்றாக வந்த பதினொன்றில் மட்டும் அலமாரி இரண்டு திரையிலும் தரையில் முழுசாக உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பதினொண்ணுல மட்டும் ஏன் ஒழுங்கா வச்சீங்க?" என்றாள் அண்ணி.

கத்தரி யோசித்தாள். தோழிக்கு ஃபோன் போட்டாள். தோழி மேசையில் யாரையோ காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னாள். "அதுவா? அது நான் காபி குடிச்ச நேரம்டி. வச்சுட்டேன், நீயும் வையின்னு கத்தினேனே, மறந்துட்டியா?"

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுத இடம் தேடினாள். கையில் அகப்பட்டது ஃபிரிட்ஜ் கதவில் இருந்த இன்சூரன்ஸ் கடிதம்தான். அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இருவரும் இறக்கி வைத்து, இருவரும் கையை எடுத்து, மூன்று எண்ணுகிற நேரம் சும்மா நின்றால்தான் பூனை வெளியே வரும். அவசரக்காரர்கள் பத்து மாடியும் ஏறிப் போய்விடலாம், உள்ளே பூனை இருந்தது என்பதே தெரியாமல்.

"மூச்சு வாங்க சேர்ந்து நிக்கிறவங்களுக்கு மட்டும் பூனை," என்றாள். "இது முன்னைவிட நல்லா இருக்கேம்மா!"

கத்தரி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன வேலையை இரண்டாம் முறை தொட்டு, முன்னைவிட அழகாக ஆக்குகிறவளுக்கு என்ன சொல்வது? இப்படி ஒருத்தி செய்ததற்குத் தன் கையால் ட்ரெய்லர் வெட்டக் கிடைத்ததே என்று பெருமையாக இருந்தது. அதை அப்படியே சொல்லவும் சொன்னாள், கொஞ்ச நேரம் கழித்து, காபி குடிக்கும்போது. அண்ணி வெட்கப்பட்டுப் பிஸ்கட்டை நீட்டினாள்.

பதினெட்டு நாள் ஆயிற்று. தோழியும் கத்தரியும் இருநூறு தடவை அலமாரி தூக்கினார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. 'பூனை திரும்பிவிட்டது' என்று ட்ரெய்லருக்குக் கீழே ஒற்றை வரி எழுதினார்கள். விலகிப் போன நாலாயிரம் பேரில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று தெரியாது. புதிதாக வந்தவர்கள் அதைப் போல மூன்று மடங்கு. அவர்களில் நிறையப் பேர் பூனையைவிட அந்த மன்னிப்பைப் பற்றித்தான் எழுதினார்கள். வெளியீட்டு நாளன்று 'கொஞ்சம் இடது' கடையின் முன்பக்கத்தில், இரண்டாவது வரிசையில் இருந்தது. அண்ணன் அதைப் படம் எடுத்துக் கணினியில் சேமித்தான். அந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

"நீ சொன்னது சரிதான், ஒத்துக்கறேன்," என்றான் தங்கையிடம். "ட்ரெய்லர் பார்த்துத்தான் வாங்குறாங்க."

நியாயமாக அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "ம்," என்று மட்டும் சொன்னாள். ட்ரெய்லர் பார்க்காத ஒருத்தன் அவள் மனசில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஃபோன் அடித்தது. சோடாபுட்டி.

"அக்கா, 'கொஞ்சம் இடது'ன்னு ஒரு கேம், நம்ம அண்ணன் அண்ணி பண்ணதாமே? யாருமே சொல்லல!"

அவனிடம் சொல்ல வேண்டாம் என்று கத்தரிதான் எல்லோரையும் தடுத்து வைத்திருந்தாள். "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது? ட்ரெய்லர் பார்த்தியா?"

"சேச்சே, நான் எங்க பார்க்குறேன்? கடையில கூட வேலை பார்க்கிறவன் படிச்சுக் காட்டினான். ஒரு கேம்காரங்க, ட்ரெய்லர்ல தப்பா ஒண்ணு வந்துடுச்சு, அது கேம்ல இல்ல, மன்னிச்சுக்கோங்கன்னு அவங்களாவே எழுதியிருக்காங்களாம். அதைக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன். வாங்கி ஓட்டினா, கடைசியில அண்ணி பேரு வருது, அண்ணன் பேரு வருது, உன் பேரும் வருது."

"கடைசி வரைக்கும் போயிட்டியா?"

"ரெண்டு தடவை. அம்மாவை இன்னொரு கம்ப்யூட்டர்ல உட்கார வச்சு அம்மாகூட ஆடுறேன். செம சண்டை. அது சரி, பூனை பூனைங்கிறாங்களே, எங்களுக்கு வரவே இல்லையேக்கா. பூனை எந்த மாடியில வரும்?"

ஆறு வருஷம் கழித்து அதே குரல், அதே கேள்வி.

"ஏழாவது மாடிடா. ரெண்டு பேரும் இறக்கி வையுங்க. கையை எடுத்துட்டு மூணு எண்ணுங்க. அவசரப்படக் கூடாது."

"வருமா?"

"வரும்."

ஃபோனை வைக்காமல் அப்படியே மேசை மேல் போட்டுவிட்டு அவன் ஆடப் போனான். கத்தரிக்குத் தூரத்தில் எல்லாம் கேட்டது. "அம்மா, வைம்மா." "வச்சுட்டேன்டா." "கையை எடு." "எடுத்தாச்சுடா, கத்தாதே." சித்தியே எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. கத்தரியும் கூடவே விரலை மடக்கினாள். இருநூறு தடவை பார்த்தாயிற்று, இருந்தாலும் மடக்கினாள். மூன்று.

சித்தி போட்ட கூச்சலில் ஃபோன் அதிர்ந்தது. "பூனைடா! ஐயோ, இத்தனை நேரம் இதையும் சேர்த்தா தூக்கினோம்! பாருடா அது நம்மளைப் பார்க்கிறதை!"

வெகுநேரம் அம்மாவும் பிள்ளையும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் அவன் ஃபோனை எடுத்தான். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"வந்துடுச்சுக்கா."

"ம்."

அலைப் பேச்சை அவனாக எடுக்கவில்லை. அவள்தான், "அன்னிக்கு உன்கிட்டப் பொய் சொன்னேன்டா. இல்லைன்னு தெரிஞ்சே சொன்னேன்," என்றாள்.

"தெரியும்க்கா," என்றான் அவன். பிறகு, "இந்தப் பூனை ட்ரெய்லர் உன்கிட்ட இருக்கா? அனுப்பேன், பார்க்கிறேன்," என்றான்.

இரண்டு தடவை தப்பான இடத்தில் தொட்டு, மூன்றாவது தடவை அனுப்பினாள். மறுமுனையில் இசை ஆரம்பித்தது. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். ஐம்பத்தொன்றாவது விநாடியில் அவன் சிரித்தான்.